ரெண்டு சொட்டு நல்லெண்ணெய்

ஆனந்தவல்லிக்குத் தெரியாத விஷயம் என்று புனேயின் கட்கியில் ஒன்றும் கிடையாது. நான் சொல்லவில்லை, அவளே சொல்வாள். எந்தக் கடையில் புளி பழசு, யார் வீட்டு மருமகள் எப்போது தனிக்குடித்தனம் கிளம்புவாள், எந்த டாக்டரிடம் போனால் பிழைக்கலாம், எவனிடம் போனால் பாடைதான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அப்பா சேஷாசலம் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலையிலிருக்கும்போதே மாரடைப்பில் போனார். அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. அப்போது தம்பி மாதவ் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அம்மாவும் சீக்கிரமே போய்ச் சேர, தம்பியைப் படிக்கவைத்து சாகண் தொழிற்பேட்டையில் கார் கம்பெனி இன்ஜினீயராக்கியது அவள்தான். தனக்கென்று ஒரு கல்யாணம் காட்சி பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்துக்கொள்ளவில்லை என்பதை வாரத்துக்கு ஒருத்தரிடமாவது சொல்லிக் காட்டாமல் அவளால் இருக்க முடியாது.

மாதவுக்குப் பெண் பார்த்ததும் அவள்தான். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று ஆகுர்டியிலிருந்த தாய்மாமன் மகாதேவனின் ஒரே மகள் வைஷுவைக் கட்டிவைத்தாள். தாயில்லாப் பெண், வாயில்லாப் பூச்சி. புனேயிலேயே பிறந்து வளர்ந்து, மராத்திப் பள்ளியில் படித்து, கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவள். அவள் பேசும் தமிழில் பாதிக்குப் பாதி இந்தி கலந்திருக்கும். நாத்தனாரை 'அண்ணி' என்று கூப்பிடத் தெரியும், அண்ணி சொன்னதற்குத் தலையாட்டத் தெரியும். அதற்குமேல் ஆனந்தவல்லி எதிர்பார்க்கவும் இல்லை.

முதலில் தாரா என்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. தலை நிறைய முடி. நாலாம் மாதம் இருமல் வந்தது, மூச்சு இழுத்தது, மருந்து கொடுத்தார்கள், தேறியது, திரும்பவும் இழுத்தது, ஒரு மழை நாளில் போய்விட்டது. நிமோனியா என்றார்கள். பச்சைக் குழந்தைகள் நிமோனியாவில் சாவது இந்த நாட்டில் என்ன புதிதா? யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனந்தவல்லி மட்டும் கேட்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேர் நடுவிலும் கேட்டாள்.

"ஏசி போட்டது யாரு? கேளுங்க. படிச்சுப் படிச்சு சொன்னேன், சின்ன உசிரு, ஏசி ஆகாதுன்னு. கேட்டாளா?"

ஏசி போட்டது வைஷுதான். அந்த மே மாத வெயிலில் குழந்தைக்கு வேர்க்குரு வந்தது என்று போட்டாள். பால் முலையில் கட்டிக்கொண்டு வலிக்க, அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மறு வாரமே அந்த ஏசியைக் கழற்றிப் பழைய சாமான்காரனுக்குக் கொடுத்துவிட்டாள். மாதவ்தான் அதைத் தூக்கி வண்டியில் வைத்தான். அக்கா ஒன்று சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று வளர்ந்தவன் அவன்.

இப்போது இரண்டாவது. பையன். தாத்தா பெயரைச் சுருக்கி சேஷு என்று கூப்பிட்டார்கள். இந்தத் தடவை ஆனந்தவல்லி ஒரு விஷயத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை. தலைக்குக் குல்லா, காலுக்கு உறை, ஜன்னலுக்குச் சாக்கு. வைஷு பால் கொடுக்கும் நேரம் போக, குழந்தை அத்தை மடியில்தான். அவளுக்கு அந்தக் குழந்தைமேல் உயிர். இதை நாம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

குளிப்பாட்ட பவுன் வருவாள். கட்கியில் தமிழ்வீட்டில் பிள்ளை பிறந்தால் சர்க்கரை கொடுக்கும் முன்பே பவுனுக்குச் சேதி போய்விடும். வேலூர்ப் பக்கத்திலிருந்து தொழிற்சாலைக் கூலிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மாதவைக் காலில் போட்டு ஊற்றியவளும் அவள்தான். இரும்பு மாதிரி கை, வெற்றிலை வாய். கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, கை தாங்கமாட்டாத சூட்டில் வெந்நீர் விளாவி ஊற்றினாளென்றால் குழந்தை தக்காளிப் பழமாகச் சிவந்துவிடும். அது வீறிட்டு அழும். மராத்திக்கார அண்டை வீட்டார் கதவைத் திறந்து பார்ப்பார்கள்.

வைஷுவால் அந்த அழுகையைத் தாங்க முடியாது. குளியலறை வாசலில் வந்து நிற்பாள்.

"அண்ணி, ரொம்ப அழறான். பஸ், போதும் அண்ணி."

"குழந்தைன்னா அழத்தான் செய்யும். அழுதாதான் நெஞ்சு விரியும். நீ நின்னு கண்ணு வைக்காத, போ, உன் மீட்டிங்கைப் பாரு."

கதவு சாத்தப்படும். வைஷு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். தாராவின் காலத்திலிருந்து இதுதான் வழக்கம். கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

நடந்தது இதுதான். தண்ணீர் ஊற்றி முடித்தபின் பவுன் குழந்தையை மல்லாத்திப் போடுவாள். வெதுவெதுப்பாக வைத்திருக்கும் நல்லெண்ணெயில் விரலைத் தோய்த்து, ஒவ்வொரு மூக்கிலும் ரெண்டு சொட்டு விடுவாள். பிறகு குனிந்து, தன் வாயை அந்த மூக்கில் வைத்து பலமாக ஊதுவாள். தொண்டைக்குள் விரல் விட்டு வழித்து எடுப்பாள். குழந்தை ஒரு நொடி சத்தமே இல்லாமல் நீலம் பாரிக்கும். பிறகு இருமிக்கொண்டு அழும்.

"பாத்தியா ஆனந்தா, எவ்ளோ கோழை! இத்த எடுக்காம உட்டா புள்ள எப்டிம்மா மூச்சு உடும்?"

ஆனந்தவல்லி துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு பெருமையாகப் பார்ப்பாள். குளித்த குழந்தை அடித்துப் போட்டதுபோல் தூங்கும். குளித்த சுகம் என்பார்கள் இருவரும்.

மூன்றாம் மாதத்தில் சேஷுவுக்கு இருமல் வந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும்தான் இருமல், மழைக்காலம். ஆனந்தவல்லி விடுவாளா? "சளி கட்டியிருக்கு பவுனக்கா. இன்னும் ரெண்டு சொட்டு விட்டு நல்லா ஊது" என்றாள். பவுன் விட்டாள், ஊதினாள். இருமல் கூடியது. எண்ணெயும் கூடியது. இப்படியே போய், ஒருநாள் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை முலையை விட்டுவிட்டு, விலா எலும்பு உள்ளே போய்வர மூச்சு வாங்கியது. சாகணிலிருந்து மாதவ் ஷிப்டை விட்டு ஓடிவந்தான். குழந்தைகளுக்கென்றே இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அங்கே பார்த்தது டாக்டர் ரானடே என்கிற அம்மாள். நரைத்த தலை, பொறுமையான பேச்சு. ஊசி மருந்தெல்லாம் ஏற்றிப் பார்த்துவிட்டு, மூன்று பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு, எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டி, இந்தியில் சொன்னாள்.

"இந்த நிழலைப் பாருங்கள். நுரையீரலின் பின்பக்கம், படுத்திருந்தால் எதுவும் இறங்கித் தேங்குகிற இடம். கிருமிக்கான மருந்துக்கு இது அசையவே இல்லை. ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுகிற பழக்கம் உண்டா? உங்கள் பக்கத்துக்காரர்கள் சிலர் செய்வார்கள்."

ஆனந்தவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான் திட்ட மாட்டேன். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் தானாக வெளியே வராது, அங்கேயே உட்கார்ந்து புண்ணாக்கும். அதுதான் காரணம் என்றால் மயக்கம் கொடுத்து நுரையீரலைக் கழுவிவிடலாம், பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அது இல்லையென்றால், இவ்வளவு நலிந்த குழந்தையை அப்படிக் கழுவுவதே அதைக் கொன்றுவிடும். காரணம் தெரியாமல் நான் செய்ய மாட்டேன். அதனால்தான் கேட்கிறேன்."

வைஷு நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். "குளிப்பாட்டறது அண்ணிதான். அவங்களுக்குத்தான் தெரியும்."

ஆனந்தவல்லிக்கு முதலில் வந்தது வெட்கம். 'உங்கள் பக்கத்துக்காரர்கள்' என்று அந்த மராத்திக்காரி சொன்ன தினுசு! அந்த வெட்கம் மட்டும் இருந்திருந்தால் அதை விழுங்கியிருப்பாள், அவ்வளவு மோசமானவள் இல்லை. ஆனால் அதன் பின்னாலேயே தாரா வந்து நின்றாள். அதே இருமல், அதே இழுப்பு, அதே துண்டு, அதே நல்லெண்ணெய்க் கிண்ணம். இதற்கு ஆமாம் என்றால் அதற்கும் ஆமாம் என்றல்லவா ஆகிவிடும்! ஊர் நடுவில் நின்று ஏசி போட்டது யார் என்று கேட்ட வாய் அது.

"ச்சே ச்சே, நஹி டாக்டர்" என்றாள். "நாங்க படிச்ச குடும்பம், கவர்மென்ட் சர்வீஸ். உடம்புக்குத் தேச்சுக் குளிப்பாட்டறதோட சரி."

"நிச்சயமாகத் தெரியுமா? மூக்கில், வாயில், ஒன்றுமே விடவில்லை?"

"நான்தானே கூடவே இருக்கேன்? ஒரு சொட்டு கிடையாது."

நெருப்பு என்றால் வாய் வெந்துவிடாது என்பார்கள். ஆமாம் என்று சொன்னாலும் வாய் வெந்திருக்காது. டாக்டர் எக்ஸ்ரேயைக் கழற்றி வைத்துவிட்டு, சரி, வேறு காரணம் தேடுகிறேன் என்றாள்.

இனிமேல் எண்ணெய் விடாமல் இருந்தால் போதாதா, தானே கரைந்து போகாதா என்று ஆனந்தவல்லி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, எல்லோருக்கும் கஞ்சி வைத்து எடுத்துவர வீட்டுக்கு வந்தாள். வாசலில் பவுன் உட்கார்ந்திருந்தாள்.

"பவுனக்கா, இனிமே நீ வர வேணாம்."

"இன்னா ஆனந்தா இப்டி சொல்ற? புள்ளைக்கு எப்டி கீது?"

"மூக்குல எண்ணெய் விடக் கூடாதாம். டாக்டரு சொல்றாங்க."

பவுன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "டாக்டரு இன்னா பெத்து வளத்தவளா? எத்தினி புள்ளைங்களுக்கு ஊத்திகீறேன் நானு! உன் தம்பி கல்லாட்டம் இல்ல? சிலது தங்காதும்மா, அது வெதி. சின்னதுரை ஊட்டுப் புள்ள போச்சே, அதுக்கும் நெஞ்சுல சளிதான். கலியன் பொண்ணு பெத்த ரெட்டைல ஒண்ணு போச்சு, அதுக்கும் அதே சளிதான். எடுக்க எடுக்க ஊறிகினே இருந்திச்சு. நம்ம தாரா கண்ணுக்குக் கூட, கடைசில எவ்ளோ எண்ணெ உட்டோம்! நீதானே இன்னும் உடு, இன்னும் உடுன்னு சொல்லிகினே இருந்த? கேட்டுச்சா? இல்லியே. போவணும்னு கீறது போயே தீரும்."

சின்னதுரை வீட்டுச் சாவுக்கு ஆனந்தவல்லி போயிருந்தாள். கலியன் வீட்டுக்கும் போய்த் துக்கம் கேட்டிருந்தாள். கட்கியின் சங்கதி ஒன்றுவிடாமல் தெரிந்தவள், இந்தச் சாவுகளை ஒருநாளும் சேர்த்துவைத்துப் பார்த்ததில்லை. இப்போது பவுனின் வாயிலிருந்து அவை ஒவ்வொன்றாக இறங்கி வந்து முன்னால் உட்கார்ந்தன. கஞ்சியை அடுப்பில் வைத்ததும் தெரியவில்லை, இறக்கியதும் தெரியவில்லை. டப்பாவில் ஊற்றி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். 'டாக்டர், மூக்கில் எண்ணெய் விட்டோம். நான்தான் விடச் சொன்னேன்.' இந்தியில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. சத்தியமாக, சொல்லத்தான் போனாள். ஆட்டோக்காரன் யாரிடம் பேசுகிறாள் என்று கண்ணாடியில் பார்த்தான்.

டாக்டர் அறையில் மாதவும் வைஷுவும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் அவர்களிடம், "நீங்கள் இருவரும் கல்யாணத்துக்கு முன்பே உறவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆமாம். என் அம்மாவோட தம்பி பொண்ணு" என்றான் மாதவ்.

டாக்டர் பேனாவை மூடினாள். "நான் சந்தேகப்பட்டேன். இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே மாதிரி வருகிறது, நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம், வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகவில்லை. அப்படியென்றால் பிறவியிலேயே ரத்தத்தில் ஏதோ குறை இருக்கலாம். சோதனைக்கு அனுப்புகிறேன். எல்லாக் குறையும் சோதனையில் தெரியாது, ஆனாலும் அனுப்புகிறேன்."

வாசலில் நின்ற ஆனந்தவல்லிக்கு நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதி. வேறு நல்ல சொல்லெல்லாம் போட்டு அதை மூடிவைக்க முடியாது. ஆட்டோவில் சேர்த்துவைத்த வாக்கியம் தொண்டையில் வந்து நின்றது, அப்படியே திரும்பி இறங்கிப் போனது.

மாதவ் அவளைப் பார்த்துவிட்டான். "என்னக்கா, ஏன் அங்கேயே நிக்கறே? ஏதாவது சொல்லணுமா?"

அவள் டப்பாவைத் தரையில் வைத்தாள். பிறகு பளாரென்று தன் நெஞ்சில் அறைந்துகொண்டாள்.

"என்னாலதான்டா! எல்லாம் என்னாலதான்! சொந்தம் விடக் கூடாதுன்னு உங்களைக் கட்டிவச்ச பாவி நான்தானே! என்னைச் செருப்பால அடிங்கடா!"

பார்த்தீர்களா சாமர்த்தியத்தை? குற்றத்தை ஒப்புக்கொண்டும் ஆயிற்று, செய்த குற்றம் எதுவோ அது வெளியே வராமலும் ஆயிற்று. வைஷு எழுந்தோடி வந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "அரே, இல்ல அண்ணி, நீங்க என்ன பண்ணுவீங்க? உங்களுக்கு எப்படித் தெரியும்? அடிச்சுக்காதீங்க அண்ணி." டாக்டர் கூட எழுந்து தண்ணீர் கொடுத்தாள். ஆனந்தவல்லி அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

சேஷு அதற்குப் பிறகும் சில நாள் போராடினான். குழாய் வைத்தார்கள், இயந்திரம் வைத்தார்கள். ஆனந்தவல்லி லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியே கதியாகக் கிடந்தாள். கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் வேண்டாத சாமியில்லை. தாதிகள் எல்லாம், இப்படி ஓர் அத்தை எந்தக் குழந்தைக்கும் கிடைக்காது என்றார்கள். ஒவ்வொரு நாளும் டாக்டர் ரானடே அவளைத் தாண்டித்தான் வார்டுக்குள் போனாள், அவளைத் தாண்டித்தான் வெளியே வந்தாள். 'இன்று கொஞ்சம் தேறியிருக்கிறான், தானே சரியாகிவிடும்' என்று ஒருநாள் தோன்றியது. 'இப்போது சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பார்கள்' என்று இன்னொரு நாள். பொய்க்கு இதுதான் குணம். முதல் நாள் அதைப் பிடுங்கி எறியலாம், விட்டுவிட்டால் வேர் பிடித்துவிடும். ஒரு மத்தியானம், மாதவ் மருந்து வாங்கப் போயிருந்தபோது, பிள்ளை போய்விட்டான்.

மாதவ் ஓடிவந்த பிறகு, துணியில் சுற்றிக் கொடுக்கும் முன் டாக்டர் வைஷுவிடம் வந்து, அவள் தோளில் கை வைத்துக் கேட்டாள்.

"அம்மா, கேட்கக் கூடாத நேரம்தான். நுரையீரலிலிருந்து ஊசியால் ஒரு துளி எடுத்துப் பார்த்தால் என்ன காரணம் என்று தெரியலாம். அடுத்த குழந்தைக்கு உதவும்."

வைஷு கண்ணைத் துடைத்தாள். அவ்வளவு நாளில் முதல் தடவையாக அவள் குரல் தெளிவாக வந்தது. "எடுங்க டாக்டர். எனக்குத் தெரியணும். ரெண்டு பேர் போயிட்டாங்க, ஏன்னு எனக்குத் தெரியணும்."

ஆனந்தவல்லி குழந்தையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"தொடாதீங்க! செத்தும் என் கண்ணு ஊசிக் குத்து வாங்கணுமா? இவ ஒரு அம்மாவா? வயித்துல சுமந்தவ சொல்ற பேச்சா இது? மாதவ், விடாதடா! என் பொணத்து மேல ஏறிப்போய் எடுக்கச் சொல்லு!"

அவள் அழுதது நடிப்பில்லை. அழுகை நிஜம், அணைப்பு நிஜம், அந்தக் குளிர்ந்த நெற்றியில் அவள் கொடுத்த முத்தமும் நிஜம். மாதவ் அக்காவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "வேணாம் வைஷு, விட்டுடு. அக்கா தாங்க மாட்டா" என்றான். வைஷு டாக்டரைப் பார்த்துத் தலையை இல்லை என்று ஆட்டினாள். ஊசியால் எடுக்கவேண்டியது எதுவோ அது குழந்தையோடு மண்ணுக்குள் போயிற்று.

ரத்தச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாததனாலேயே எல்லோரும் அதை நம்பினார்கள். 'ரத்தக் கோளாறு' என்று மகாதேவன் மாமா ஆகுர்டியில் சொன்னார், மாதவ் கம்பெனியில் சொன்னான், கட்கி பஜாரில் ஆனந்தவல்லியே எல்லோரிடமும் சொன்னாள். பவுன் வழக்கம்போல வேறு வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லலாம்தான். ஏன் என்று அவள் கேட்பாளே! நாலு வீட்டில் போய்ச் சொல்வாளே! ஆனந்தவல்லி அந்தத் தெருவழியாகப் போவதை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள்.

மறு வருஷம் மழைக்கு முன்பே வைஷுவுக்கு மறுபடி நாள் தள்ளிப்போயிற்று. வேண்டுமென்று உண்டானதல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில், அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணி, நான் கலைச்சுடப் போறேன். மாதவ் கிட்ட சொல்லிட்டேன், சரின்னுட்டார்."

ஆனந்தவல்லியின் கை அரிசியில் நின்றது.

"டாக்டர் சொன்னாங்க இல்ல, நாலுல ஒண்ணுக்கு வரலாம்னு. எங்களுக்கு ரெண்டும் வந்தாச்சு. மூணாவதையும் பெத்து, அது மூச்சு வாங்கறதை என்னால பார்க்க முடியாது அண்ணி. அது பாவம். பிறக்காமயே இருக்கட்டும்." கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயமா வேறா என்று அவளுக்கே தெரியவில்லை, துடைத்துக்கொள்ளவும் இல்லை. "சின்ன வயசுல எனக்கும் மூச்சு வாங்குமாம், அப்பா சொன்னார். எங்கிட்ட இருந்துதான் போயிருக்கு. தாரா போனப்போ நீங்க ஏசின்னு சொன்னீங்க. ஏசி இல்ல அண்ணி, நான்தான்."

அடுப்படியில் அவர்கள் இருவர்தான். கேட்க வேறு ஆளில்லை. சொல்ல வேண்டியது நீளமான பேச்சும் இல்லை. உன் ரத்தம் நல்ல ரத்தம், இந்தப் பிள்ளை பிழைக்கும், அதன் மூக்கருகே எண்ணெய் கொண்டுபோகாமல் இருந்தால் போதும். அவ்வளவுதான். ஆனந்தவல்லி வாயைத் திறந்தாள்.

"வைஷு..."

"சொல்லுங்க அண்ணி."

வைஷு நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த நம்பிக்கை ஒரு கல்லையும் பேசவைத்திருக்கும். சொன்னால் அந்தப் பார்வை என்ன ஆகும் என்று ஆனந்தவல்லி பார்த்தாள். தம்பி முகம் என்ன ஆகும் என்று பார்த்தாள். இந்த வீட்டில் யாருக்கும் வேண்டாதவளாக ஒரு மூலையில் தான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். தம்பிக்காகக் கல்யாணம் வேண்டாமென்றவள் என்கிற பெயர் போய், தம்பி பிள்ளைகளைக் கொன்றவள் என்கிற பெயர் வருவதைப் பார்த்தாள்.

"வெறும் வயித்தோட வரச் சொன்னாங்களா?" என்றாள்.

"ஆமா அண்ணி."

"சரி. நான் லீவு போடறேன்."

ஆஸ்பத்திரியில், பச்சை உடுப்பு மாட்டிக்கொண்டு உள்ளே போகும்போது வைஷு கதவருகே நின்றுவிட்டாள். மாதவ் கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். தாதி பொறுமையாகக் காத்திருந்தாள். வைஷு நாத்தனாரின் கையைப் பிடித்தாள். சின்னப் பெண்போல இறுக்கிப் பிடித்தாள்.

"அண்ணி, அம்மா இருந்தா அம்மா கிட்ட கேட்டிருப்பேன். நீங்கதான் எனக்கு அம்மா. ஒரே ஒரு தடவை சொல்லுங்க, போயிடறேன். நான் செய்யறது சரிதானே?"

ஆனந்தவல்லி அவள் முன்நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். பச்சைத் தொப்பியைச் சரிசெய்தாள்.

"சரிதாம்மா" என்றாள். "உள்ள போ. காத்திருக்காங்க பாரு."